வலி கேட்கும் கை

உள்ளே வரும்போது அந்தப் படியில் தடுக்கினீர்களே தம்பி, காலில் ஒன்றும் இல்லையே? வருகிற எல்லோரும் அதில் இடித்துக்கொள்கிறார்கள். மற்ற வீட்டுப் படிகளைவிட அது இரண்டு விரல் உயரம். கொத்தனாரைக் கூப்பிட்டுச் செதுக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வருகிறவர்களே குறைந்துபோனதால் அந்த வேலையும் அப்படியே நிற்கிறது.

என் நாத்தனாரும் அந்தப் படியில்தான் விழுந்தாள். நான் தள்ளவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு அவள் ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், "எங்கண்ணன் ஒரு ஊசியக் கட்டிட்டு வந்திருக்கான், பாத்து உக்காருங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் ஒல்லி, தையல் வேலை வேறு. அன்றிலிருந்து அவளுக்கு நான் ஊசியண்ணி. அவர் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இங்கே ஆளில்லை. துணி தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றபடி இந்த வீட்டில் பேசுவது மிஷின் ஒன்றுதான். சில சமயம் நாள் கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, யாராவது கதவைத் தட்டினால் "யாரு" என்று கேட்கக் குரல் வராது. கனைத்துக்கொண்டு கேட்பேன்.

மகன் வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று அவள் வந்தாள். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கவேண்டும், முதலில் தன் கையில்தான் வாங்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கிளம்புகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஊசியண்ணி, அடுத்த தடவ பேரனோட வந்து உங்க நூல்கண்டையெல்லாம் உருட்டிவிடச் சொல்றேன்" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே காலை வைத்தாள். கணுக்கால் மடங்கியது.

எலும்பில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். சுளுக்கு, உள்ளே கொஞ்சம் ரத்தக்கட்டு. ஐஸ் வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள், பேண்டேஜை விரலில் ஆரம்பித்து மேலே போகப் போகத் தளர்த்திக் கட்டுங்கள், வீக்கம் தானாக வடிந்துவிடும் என்றார். நான் அப்படியே செய்தேன்.

கால் கன்றிப்போய்க் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அதை என் மடியில் வைத்து ஒத்தடம் கொடுக்கும்போது அவள் பேசுவாள்.

"எங்கண்ணன் உங்ககிட்ட பெரிய வீரன் மாதிரி நடந்திருப்பானே?"

"நடந்தார்."

"பல்லிக்குப் பயப்படுவான் அண்ணி. செவுத்துல ஒண்ணு தெரிஞ்சா போதும், என் பாவாடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவான்."

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்குத் தெரியாத என் புருஷனை, அவள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றுக்குப் பதில் இரண்டு டம்ளர் கழுவினேன். விளக்குப் போட்டதும், "அண்ணி, என்ன பண்றீங்க, இங்க வாங்களேன்" என்று ஒரு குரல் வரும். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, "உங்க கைக்குத்தான் வலி கேக்குது" என்றாள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. என் பேச்சை இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. வலி கேட்டது.

பிறகு அந்த நீலம் ஓரத்தில் பச்சையானது. அப்புறம் மஞ்சள்.

"பழுத்துடுச்சு பாத்தீங்களா? இனி உதிர்ந்துடும்" என்று சிரித்தாள். சனிக்கிழமை கிளம்பி வருகிறேன் என்று மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் அந்த மஞ்சளில் போய் நின்றது. அழுத்தினேன்.

"ஸ்... அண்ணி, அங்க இன்னும் இருக்கு போல."

"இருக்கும்மா. உள்காயம் இல்லையா" என்றேன்.

மறுநாள் மஞ்சள் திரும்ப நீலமாகியிருந்தது. சனிக்கிழமை போகவில்லை.

அப்புறம்தான் கட்டு. தையல்காரிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். முழங்கைக்கு மேலே சட்டைக் கை கொஞ்சம் இறுகினால் சாயங்காலம் விரலில் மோதிரம் கழலாது. பேண்டேஜை டாக்டர் சொன்னதற்குத் தலைகீழாகக் கட்டினேன். பாதத்தில் தளர்வு, முழங்காலுக்குக் கீழே இறுக்கம். நீங்கள் வந்ததும் கேட்டீர்களே, அவள் காலில் இருந்த அந்த வளையத் தடம், அதுதான். பார்வைக்கு நல்ல கட்டு. ஒரு சுருக்கம் இருக்காது. "தெச்சு மாட்டின மாதிரி இருக்கு" என்று அவளே மெச்சுவாள்.

வீக்கம் வடியவில்லை. நடந்து பார்க்கிறேன் என்று எழுவாள், நான் உட்காரவைப்பேன். அப்படியே இருக்கும்போதுதான் பேத்தி பிறந்த செய்தி போனில் வந்தது. பேசி முடித்துவிட்டு அழுதாள். "எனக்குக் கொடுத்து வெக்கல அண்ணி. நீங்களும் இல்லன்னா என் கதி என்ன?" என்று என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டேன்.

கொஞ்ச நாளில் கெண்டைக்கால் கல் மாதிரி ஆனது. தொட்டால் சுட்டது.

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா அண்ணி?"

"நாளைக்குப் போவோம்."

அங்கே போனால் கட்டை அவிழ்ப்பார்கள். வேறு யாராவது வேறு மாதிரிக் கட்டுவார்கள். அவளுக்கு இன்னொருத்தர் கை பழக்கமில்லை. அடுத்த நாளும் நாளைக்கு என்றேன்.

மத்தியானம் மிஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணி, மூச்சு என்னவோ மாதிரி வருது" என்றாள். "இதோ வந்துட்டேம்மா" என்றேன். பாதி ஓரத்தில் நிறுத்தினால் துணி இழுத்துக்கொள்ளும். இன்னொரு தடவை கூப்பிட்டாள். முழுப்பெயரும் வரவில்லை, "ஊசி" என்று மட்டும் வந்தது. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கேட்டது. ஓரத்தை முடித்து நூலைக் கடித்துவிட்டு எழுந்தேன். அதற்குள் அவசரமே இல்லாமல் போய்விட்டது.

கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன், டாக்டர் சொன்னபடி விரலிலிருந்து மேலே. ஆனால் தடம் போகவில்லை. உயிர் போன தோலில் எதுவும் பழுக்காது போல.

காலில் கட்டின ரத்தம் நெஞ்சில் போய் அடைத்தது என்கிறீர்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான்தான் செய்தேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை தம்பி. அவளை நான் பார்த்துக்கொண்ட மாதிரி அந்த மகன் பார்த்திருப்பானா? அவள் காலை யார் மடியில் வைத்திருப்பார்கள்?

ஸ்டேஷன் வண்டி வர நேரமாகும் என்றீர்களே. ஷூவைக் கழற்றுங்கள். நானும் அப்போதிருந்து பார்க்கிறேன், அந்தக் காலை நீங்கள் தரையில் ஊன்றவே இல்லை. இப்படி நீட்டுங்கள், கூச்சப்படாதீர்கள். பேண்டேஜ் மிஷின் டிராயரில்தான் இருக்கிறது. என் கைக்கு வலி கேட்கும்.