சிறைப்பட்டவர் சொல் செல்லாது

உங்கள் அறை மின்விசிறிக்கு பேரிங் தேய்ந்துவிட்டது, மேடம். இப்போதே மாற்றிவிடுவது நல்லது. விட்டுவைத்தால் மோட்டாரே போய்விடும். தப்பாக நினைக்க வேண்டாம், விமானப்படையில் வாலிபம் முழுவதும் இந்த மாதிரி இயந்திரங்களோடுதான் கழித்தேன். எங்கே காற்று ஓடும் சத்தம் கேட்டாலும் காது தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை, மறைக்கிற தெம்பும் இல்லை. என் பெயர் வில்பிரட். கீழ்க்கட்டளையில் வீடு. வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. அங்கே ஒருவர் லிஃப்டில் நாயை ஏற்றாதே என்பார். இன்னொருவர் நாயோடு வந்து லிஃப்ட் வாசலில் நிற்பார். இரண்டு பேரும் என்னைத்தான் திட்டுவார்கள். அதெல்லாம் கட்டளை இல்லை, மேடம், நச்சரிப்பு. கட்டளை என்றால் ஒருவர் சொல்ல வேண்டும், நாம் செய்ய வேண்டும், செய்ததும் தலையில் இருக்கிற பாரம் இறங்கிவிட வேண்டும். அந்த சுகம் பழகியவனுக்கு மற்ற வாழ்க்கையில் உப்பு சப்பு இருக்காது. என் மனைவி ரத்தினபாய் சொல்வாள், "உங்க உடம்புதான் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்திருக்கு. ஆளு இன்னும் கேம்ப்லதான் இருக்கு." அவள் சொன்னது சரிதான்.

அப்படி இருக்கும்போதுதான் குமரவேல் சாரிடமிருந்து போன் வந்தது. குரூப் கேப்டன் குமரவேல். தளம் மாறிய போதெல்லாம் என்னைக் கேட்டு வாங்கித் தன்னோடு அழைத்துப் போன அதிகாரி. அவரும் ஓய்வு பெற்று குரோம்பேட்டையில் இருந்தார்.

"வில்பிரட், ஸ்பேஸ் ஸ்டேஷன்ல ஒரு வேலை இருக்கு. வர்றியா?"

"எப்ப கிளம்பணும் சார்?" என்று கேட்டேன். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த விண்வெளி நிலையத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள். சிறுசேரியைத் தாண்டி ஒரு தகர ஷெட், அதற்குள் இரண்டு இரும்பு அறைகள். பறப்பது இல்லை, தரையில் நிற்பது. நான்கு பேரை மாதக்கணக்கில் உள்ளே வைத்துப் பூட்டி, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அந்தத் தனியார் கம்பெனிக்குப் பார்க்க வேண்டும். பிற்பாடு நிஜமாகவே ஆளை மேலே அனுப்பும்போது உதவுமாம். முன்னறை ஒரு மினி பஸ் அளவு. அதில் படுக்கைகள், சமையல் மேடை, வெளியே பேசும் ரேடியோ, கம்பெனி எங்களைப் பார்க்கும் கேமராக்கள். பின்னறையில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் தண்ணீர்த் தொட்டியும் வெளியே போகும் வாசலும். நடுவில் கனமான கதவு. முன்னறையில் தீப்பிடித்தால் அடைப்பதற்கு வசதியாக அதன் தாழ்ப்பாள் பின்னறைப் பக்கம் இருந்தது. இயந்திரமும் பின்னறையும் என் பொறுப்பு. சார் கமாண்டர். மற்ற இருவரில் ஒருவர் தாம்பரத்து டாக்டர் ஜோசலின். இன்னொருவன் ஹரிபிரசாத், சாஃப்ட்வேர் பையன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போன அன்றே சார் ஒரு கட்டளை போட்டார். வெளியில் கேட்கும் எந்தச் சத்தமும் நமக்குக் கேட்காது. விண்வெளியில் இருக்கிறோம் என்றால் இருக்கத்தான் வேண்டும் என்றார். ஆடி மாதம் வந்தது. பக்கத்து ஊர் அம்மன் கோயில் ஸ்பீக்கர் தகரக் கூரையையே பிய்த்தது. நாங்கள் முகம் மாறாமல் சாப்பிட்டோம். ஹரிபிரசாத் மட்டும் தட்டில் தாளம் போட்டுவிட்டான். சார் அன்று முழுவதும் அவன் யாரோடும் பேசக் கூடாது என்று தண்டனை கொடுத்தார்.

"சார், இது சிறுசேரி சார். ஷேர் ஆட்டோ ஹாரன் கேக்குது" என்றான் அவன்.

"தம்பி, கமாண்டருக்குக் கேக்கலன்னா நமக்கும் கேக்கல" என்று நான்தான் சொன்னேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. துடுக்கான பையன், ஆனால் நல்ல பையன். என் முதுகுவலிக்கு அவன்தான் தைலம் தேய்த்துவிடுவான்.

குறித்த காலம் முடிகிற நேரத்தில் சண்டை வந்தது. இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கலாமா என்று கம்பெனி ரேடியோவில் கேட்டது. சார் எங்கள் யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டார். டாக்டரம்மா மகள் தேவாலயத்தில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா அந்த மாதத்தில்தான் வந்தது.

"அம்மா இல்லாம எம்பொண்ணு பீடத்துக்குப் போகமாட்டா. நான் கிளம்பறேன் சார்" என்றார் அவர்.

"யாரும் எங்கயும் போகப்போறதில்ல" என்றார் சார்.

ஹரிபிரசாத் டாக்டரம்மாவோடு சேர்ந்துகொண்டான். கம்பெனியை அவமானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு முன்னறை கேமராக்களைச் சாப்பாட்டுப் பொட்டலத்து வெள்ளித்தாளால் மூடினான். சார் ரேடியோவில் கம்பெனியைக் கூப்பிட்டு, உள்ளே ஒழுங்கு கெட்டிருக்கிறது, நான் சொல்லும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது என்றார். பிறகு ரேடியோ வயரை வெட்டச் சொன்னார். வெட்டினேன். நாங்கள் இருவரும் பின்னறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். வெளியிலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டீர்களே, இதுதான் காரணம். மனிதர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று பார்க்கத்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை வந்ததும் அவர்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். வெளியே விடச் சொல்லி அந்த இருவரும் நடுக்கதவைத் தட்டும் சத்தமும் நாட்கணக்கில் கேட்டுப் பழகியிருக்கும்.

யுத்தம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சமையல் அவர்களிடம், தண்ணீரும் காற்றும் எங்களிடம். கதவை ஒரு கை நுழையும் அளவு திறந்து தண்ணீர் கொடுப்பேன், அந்தப் பக்கமிருந்து உப்புமா வரும். சார் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாயில் படுப்பார். அவர் போர்வையை மடித்து வைப்பேன், சவரத்துக்குத் தண்ணீர் எடுத்து வைப்பேன். காலையில் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார், மாலையில் செய்ததைச் சொல்வேன். மறைக்காமல் சொல்கிறேன், மேடம், என் ஆயுசில் அந்த நாட்களைப் போல நான் நிம்மதியாக இருந்ததில்லை. ரத்தினபாயைக்கூட நினைக்கவில்லை.

இந்த இடத்தில் பழைய சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். வடக்கே ஒரு தளத்தில் இருந்தபோது பயிற்சி ஒன்று நடந்தது. நம் ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொள்வது. எதிர்க்கட்சி சாரைப் பிடித்துவிட்டது. அவர் கையில் மைக்கைக் கொடுத்து, கேட்டைத் திறக்கச் சொல் என்றார்கள். அவரும் சொன்னார். மற்ற கேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திறந்துவிட்டார்கள். நான் திறக்கவில்லை. பிடிபட்ட அதிகாரியின் கட்டளை கட்டளையே இல்லை, மேடம். அவர் பிடிபட்ட நிமிஷத்திலிருந்து அது எதிரியின் சொல். பயிற்சி முடிந்ததும் சார் எல்லோரையும் நிற்கவைத்து என் தோளில் கை போட்டு, "இவன் ஒருத்தன்தான்யா ஆளு" என்றார். அந்தக் கையின் கனம் இப்போதும் தோளில் இருக்கிறது.

ஒருநாள் காலை சார் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். முகம் தளர்ந்து போயிருந்தது.

"நாம என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கோம்?" என்றார். "பொம்மைக் கப்பல்ல உக்காந்து சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடலாம். எல்லாரும் போயிடலாம்."

"சார் சொன்னா சரி."

"உனக்குன்னு ஒண்ணும் தோணவே தோணாதாய்யா?"

சவரத்துக்கு வைத்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர், நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. கமாண்டர் பிடிபட்டுவிட்டார் என்று முடிவுக்கு வந்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் அவரை மீட்பதற்காகத்தான். உள்ளே புகுந்து இரண்டு பேரோடு மல்லுக்கட்டும் வயதில்லை எனக்கு. எதிரி தளரும்வரை காத்திருப்பதுதான் முறை. முன்னறைக்குக் காற்று போகும் குழாயின் வால்வை மூடினேன். அது வலது பக்கம் திருகினால் மூடும், இறுக்கமான வால்வு, இரண்டு கையும் வேண்டும். காற்று உடனே கெட்டுவிடாது. மெதுவாகத்தான் கெடும். யோசித்துப் பார்க்க எல்லோருக்கும் நேரம் இருந்தது.

முதலில் சாரின் குரல்தான் வந்தது. "வில்பிரட், என்னய்யா விளையாட்டு இது? திற."

"மன்னிக்கணும் சார். நீங்க இப்ப அவங்க கையில இருக்கீங்க."

"யார் கையிலயும் இல்லய்யா. இது ஆர்டர். திற."

திறக்கவில்லை. சரணடைந்தால் திறக்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். சரணடைந்துவிட்டோம் என்றார்கள். ஆனால் மூன்று பேருமே சொன்னார்கள், சாரும் சேர்ந்து சொன்னார். கமாண்டர் சரணடைய மாட்டார். ஆகவே அது சூழ்ச்சி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். மிகவும் களைப்பாக இருந்தது.

"வில்பிரட் அண்ணா," என்றார் டாக்டரம்மா, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற அதே பதமான குரலில். "எங்களுக்குத் தலைவலி ஆரம்பிச்சிடுச்சு. இது எதனாலன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் டாக்டர்" என்றேன்.

ஹரிபிரசாத் அழுதான். "அண்ணா, ப்ளீஸ்ணா. வெளிய ஹாரன் சத்தம் உங்களுக்கும் கேக்குதுதானே, கேக்குதுன்னு சொல்லுங்கண்ணா" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கேட்கவில்லை என்று சொன்னேன். கட்டளை இன்னும் அமலில் இருந்தது அல்லவா.

கதவை எதையோ வைத்து இடித்தார்கள். பிறகு இடிப்பது நின்றது. டாக்டரம்மா ஜெபம் சொல்லும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நானும் இந்தப் பக்கமிருந்து ஆமென் சொன்னேன். கடைசியாகப் பேசியவர் சார்தான். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. "தப்பு எம்மேலதான்யா. அவங்களையாவது விடு" என்றார். அது அவருடைய சொந்தச் சொல்லாக இருக்குமோ என்று அப்போது ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் சந்தேகத்தின் பேரில் கேட்டைத் திறப்பவன் காவலாளி இல்லை.

மறுநாள் வால்வையும் பிறகு கதவையும் திறந்தேன். மூன்று பேரும் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தார்கள். சாரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். டாக்டரம்மா மேல் போர்வை போர்த்தினேன். சாருக்கு சல்யூட் அடித்தேன். பின்னறை வாசலைத் திறந்துகொண்டு ஷெட்டுக்குள் வந்து, முதலில் பார்த்த ஆளிடம் கமாண்டர் மீட்கப்பட்டார் என்று சொன்னேன். அவன் கைதட்டினான், பாவம். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நான்தான் செய்தேன், மேடம். வால்வை மூடியதும் திறக்காமல் இருந்ததும் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எங்கே கையெழுத்து வேண்டுமோ போட்டுத் தருகிறேன்.

ஆனால் நான் இங்கே வந்ததிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். கதவுதான் திறந்திருந்ததே, சார் பிடிபட்டார் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று. யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. டாக்டரம்மா அவருக்குக் காபி கொடுத்தார். ஹரிபிரசாத் ஏதோ சொன்னான், என்ன என்று எனக்குப் புரியவில்லை. சார் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அதோடு சார் என் பக்கம் திரும்பி, "நீயும் வாய்யா வில்பிரட், காபி ஆறுது. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்" என்றார். நான் அவரோடு இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை, மேடம். அது அவராக இருக்க முடியாது என்று முடிவு செய்துதான் தாழ்ப்பாளைப் போட்டேன்.