செலைக்கு ஊத்துற பாலு

வேணாம் தம்பி, அந்த சால்வைய மடிச்சு பையில வை. இந்த ஹவில்தார் முத்துவேல் மேடைக்கு வரமாட்டாராம்னு உங்க கட்சி ஆபீசுல சொல்லிடு. உக்காரு. எழுந்து நின்னு வான்னு கூப்புடலன்னு தப்பா நெனைக்காத. நீ காலாப்பட்டுலேந்து அலைஞ்சு வந்த புள்ள, உன்மேல எனக்கு இன்னா கோவம்?

இல்லப்பா, நான் சொல்தா இல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குறவரு அடுத்த தெரு. நான் நம்ம இந்தியன் ஆர்மி. நானும் பாலகுருவும் இதே அரியாங்குப்பத்துலேந்து ஒண்ணாதான் போய்ச் சேந்தோம். அவன் பொட்டியில திரும்பி வந்தான்.

எங்க, பாலகுரு நெனைவு நாளுக்கு அடிச்ச அந்த நோட்டீசக் காட்டு. எதிரிய நேருக்கு நேர் நின்னு தாக்கி வீரமரணமா? எவன்யா எழுதுனது இத? கருமம், கருமம்! எதிரி மூஞ்சியே நாங்க பாக்கல தம்பி. ஆபீசர் வூட்டுக்கு சோபா ஏத்திக்கினு மலைமேல போனோம், நானும் அவனும். பனி கொட்டுது, ரோடு தெரியல. காலைல போறோம் சார்னு பாலகுரு கெஞ்சுனான். மேம்சாப் வூட்டுக்கு விருந்தாளி வர்றாங்க, இன்னிக்கே போவணும்னுட்டாரு அந்த ஆளு. லாரி உருண்டுடுச்சு. சோபாவுக்கு ஒரு கீறல் இல்லியாம். மறுநாள் வேற லாரியில ஏத்திக் கொண்டுபோய்ப் போட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில வந்து சொன்னானுங்க. த்தூ!

சாவுக்குத் துணிஞ்சுதான் பட்டாளத்துக்குப் போனோம். அதுல எனக்கு இப்பவும் வருத்தம் கெடையாது. சோபாவுக்காகச் செத்தான் பாரு, அதான் வயிறு எரியுது. அத நீங்க மைக்கு கட்டி சண்டையாக்கிட்டீங்களே!

நீங்க வச்ச பாலகுரு செலைதான? பாத்தேன், பாத்தேன். துப்பாக்கியில உங்க கொடிக்கயிறு. காலடியில சிக்கன் பக்கோடா வண்டி. மீசை வேற வச்சிருக்கீங்க. அவனுக்கு ஏதுய்யா மீசை? நாலு முடி மொளைக்கலன்னு நாங்க ஓட்டிக்கினே கெடப்போம்.

தெரியும், பூர்ணிமாவும் மேடைக்கு வரும். பாலகுரு சம்சாரம். அதனாலதான் வரலங்கிறேன். அது மூஞ்சியப் பாத்துக்கினு சண்டையில செத்தான்னு சொல்ல எனக்கு வாய் வராது. சோபான்னு சொல்றதுக்கும் வராது. அந்தப் பொண்ணு தெருவுல தல நிமுந்து நடக்குதுன்னா அந்தச் செலைய வச்சுத்தான்.

அந்தச் செலையும் முழுசா அவன் இல்ல, தெரியுமா? செய்யறவரு முழு உருவப் போட்டோ கேட்டாரு. பாலகுரு வூட்டுல மூஞ்சி மட்டுந்தான் இருந்துச்சு. எனக்கும் அவனுக்கும் ஒரே ஒயரம், ஒரே ஒடம்பு. யூனிபார்ம்ல நான் நிக்கிற பழைய போட்டோவ எடுத்துக் குடுத்தேன். கழுத்துக்கு மேலதான் அவன்.

வருசா வருசம் நீங்க பால் ஊத்துறீங்க. பூர்ணிமா குனிஞ்சு வலது காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குது. ஒரே ஒரு வருசம் கூட்டத்துல நின்னு பாத்தேன். அதோட போறத வுட்டுட்டேன்.

இரு, டீ குடிக்காம போவாத. கதவுக்குப் பின்னால என் கட்டக்காலு சாத்தி வச்சிருக்கேன் பாரு. ஆமா, வலது காலுதான். எடுத்துக் குடு, மாட்டிக்கினு போய் அடுப்பப் பத்த வைக்கிறேன்.