பன்னிரண்டாம் எண் கிணறு குறித்து ராஜமேரி சொன்னது

பெயர் ராஜமேரி. வயது பதினேழு முடிந்து மூன்று மாதம். தகப்பனார் பெயர் கஸ்பார், ரயில்வேயில் கேங்மேன். விலாசம்: தருமபுரி மாவட்டம், பொம்மிடி அருகில், சூசையப்பர்பட்டி, மேட்டுத் தெரு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்கிறேன். டைப்ரைட்டிங்கில் ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர். 1973-ம் வருடம் மே மாதம் 21-ம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே என் தகப்பனாருடன் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, சப் இன்ஸ்பெக்டர் ஐயா முன்பாகச் சொல்கிறேன். ஏட்டையா எழுதுகிறார். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிக்கிற கை எனக்கு, வாய் அதற்கும் மேலே. ஏட்டையா இரண்டு முறை நிறுத்தச் சொல்லிவிட்டபடியால் இனி மெதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு மைல் தள்ளி, புளியந்தோப்புக் கொட்டாய் என்ற ஊரில் இருக்கும் பச்சியப்பன் என்பவர், தன் கிணற்றில் கல்லூரி அட்டெண்டர் தீர்த்தகிரி விஷ மருந்து கலந்துவிட்டதாகப் புகார் கொடுத்து, அதன் பேரில் தீர்த்தகிரி மீது வழக்கு ஆகியிருக்கிறது. தீர்த்தகிரி எதையும் கலக்கவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று பொய்க் காகிதம் தயார் செய்து ஒட்டியவள் நான்.

நான் பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் சவுரியப்பன் சார் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்து, இப்போது அங்கேயே வெளி வேலைகளை அடித்துக் கொடுக்கிறேன். கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருக்கும் அருள்நாதன் சார், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல் ஏன் காவியேறுகிறது என்று மூன்று வருடமாக ஆராய்ந்து, முப்பத்தொரு கிணற்றுத் தண்ணீரில் புளூரைடு என்ற உப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைக் கல்கத்தாவிலிருந்து வரும் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போன நவம்பரில் அனுப்பி, அவர்கள் ஏப்ரலில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் அட்டவணையைப் புதிதாக அடிக்க வேண்டும், ஐந்து கிணறுகளில் கோடைத் தண்ணீரையும் அளந்து கடைசிக் கட்டத்தில் சேர்க்க வேண்டும், எல்லாம் மே முப்பத்தொன்றுக்குள் வந்து சேர வேண்டும் என்று அதனுடன் கடிதம் இருந்தது. அதன் பிறகு மே 7-ம் தேதி திங்கட்கிழமை அந்த வேலை என்னிடம் வந்தது.

அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கு ஆயிரம் சட்டம். வரிக்கு வரி இரட்டை இடைவெளி, இடது பக்கம் ஒன்றரை அங்குலம் காலி, அட்டவணை தனித்தனித் தாளில், படம் தனியாக டிரேசிங் தாளில் இந்தியா மையில், ஓர் அசல், இரண்டு கார்பன். ஓர் எழுத்து தவறினாலும் முழுத் தாளும் போச்சு, மறுபடி அடிக்க வேண்டும். கெட்ட தாளை சவுரியப்பன் சாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது இன்ஸ்டிட்யூட் விதி. அதன் பின்பக்கத்தில் புதுப் பிள்ளைகள் பழகுவார்கள்.

அருள்நாதன் சார் கையெழுத்துப் பிரதியில் கிணறுகளுக்கு எண் மட்டும்தான் மையில் இருந்தது. எந்த எண் எந்த ஊர் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். கொடுக்கும்போதே சொன்னார்: “பென்சில்ல இருக்கறத அடிக்காதம்மா. ஊரு பேரு வெளிய வந்துச்சுன்னா அந்த ஊருல பொண்ணெடுக்க ஒருத்தன் வரமாட்டான். பேரு போடமாட்டேன்னு முப்பத்தோரு கெணத்து மேட்டுலயும் சொல்லிட்டுத்தான் தண்ணி எடுத்தேன்.” நான் “சரிங்க சார், என் கை அடிக்கும், வாய் அடிக்காது” என்றேன். அவர் சிரித்தார்.

அதன் பிறகு 9-ம் தேதி புதன்கிழமை இரண்டாம் அட்டவணையை அடிக்கும்போது, எல்லாவற்றிலும் பெரிய அளவாக 6.4 என்பது பன்னிரண்டாம் எண்ணுக்கு நேராக இருந்தது. 1.5-க்கு மேல் போனாலே பிள்ளைகளின் பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது என்று முதல் பக்கத்தில் நானே அடித்திருந்தேன். பன்னிரண்டின் ஓரத்தில் பென்சிலில் “சூ. பட்டி, மேட்டுத் தெரு” என்று இருந்தது. எங்கள் கிணறு. அளவுகோலை வைத்து மூன்று முறை வரி பிடித்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் எண் பச்சியப்பன் கிணறு, அதற்கு 0.8. அன்று மாலை எப்போதும் போல நான்கு குடம் தண்ணீர் எங்கள் கிணற்றில் சேந்தி வீட்டில் ஊற்றினேன். என் தங்கை பாக்கியமேரி ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மேற்படி பச்சியப்பனின் மகள் குள்ளம்மாள் எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படிக்கிறாள். அவள் பல் வெள்ளையாக இருக்கும். என் பல்லில் காவிக் கோடு உண்டு. 10-ம் தேதி காலை நான் ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்தபோது, எல்லோருக்கும் கேட்கும்படி, “ஏன்டி மேரி, பாதி கறுப்பு பாதி செவப்பு ரிப்பன மிசினுக்கு மட்டும் போட்டியா, வாயிக்கும் சேத்துப் போட்டுக்கினியா?” என்றாள். நான், “ஆமாண்டி, உம் பேரு வந்தா செவப்புல அடிக்கலாம்னுதான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பதிலுக்குச் சிரித்தவர்களைவிட அவள் கேள்விக்குச் சிரித்தவர்கள் அதிகம். எனக்கு எண்ணத் தெரியும்.

அன்று மதியம் அட்டவணைத் தாள் ஒன்று, இருபத்தெட்டாம் வரியில் ஒரு புள்ளி விட்டுப்போனதால் கெட்டது. அதை நான் சவுரியப்பன் சாரிடம் கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். அதன் பிறகு 12-ம் தேதி சனிக்கிழமை சார் சாப்பிடப் போன நேரத்தில், அந்தத் தாளை மறுபடி மிஷினில் ஏற்றி, பன்னிரண்டுக்கு நேராக, 6.4-க்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் “புளியந்தோப்புக் கொட்டாய், பச்சியப்பன் கிணறு” என்று அடித்தேன். சிவப்பு ரிப்பனில் அடித்தேன். அதன் பிறகு தமிழ் மிஷினில் ஏற்றி மேலே தலைப்பாக, “பல்லைக் காட்டாதீர், பல்லே உங்களைக் காட்டிக் கொடுக்கும். இந்தத் தண்ணீர் விஷம்” என்று அடித்தேன். அடித்தபோது தனியாகச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், புளியந்தோப்புக் கொட்டாய் பஸ் நிற்கும் இடத்துச் சைக்கிள் கடைப் பலகையில் மைதாப் பசை தடவி அதை ஒட்டினேன். குள்ளம்மாள் திங்கட்கிழமை பஸ் ஏறும்போது பார்ப்பாள், இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்பதுதான் என் எண்ணம்.

குள்ளம்மாள் திங்கட்கிழமை இன்ஸ்டிட்யூட்டுக்கு வரவில்லை. அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த பாலக்கோட்டுக்காரர்களும் வரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஊரில் அந்தக் காகிதத்தைச் சைக்கிள் கடைக்காரர் படித்துக் காட்டியிருக்கிறார். டைப் அடித்து, எண் போட்டு, புள்ளி வைத்து இருந்ததால் சர்க்கார் காகிதம் என்று நம்பியிருக்கிறார்கள். தலைமுறையாகக் குடித்த தண்ணீர் திடீரென்று எப்படி விஷமானது என்று பேச்சு வந்திருக்கிறது.

அதன் பிறகு 17-ம் தேதி வியாழக்கிழமை, கோடைத் தண்ணீர் எடுக்க வேண்டிய ஐந்து கிணறுகளில் பத்தொன்பதாம் எண்ணும் ஒன்று என்பதால், கல்லூரி அட்டெண்டரான தீர்த்தகிரி பாட்டில்களுடன் சைக்கிளில் அங்கே போயிருக்கிறார். தண்ணீர் எடுக்கும் பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை கழுவிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்பது முறை. அந்த முறையை நான் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அடித்திருக்கிறேன். கழுவின தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும் என்று அருள்நாதன் சார் சொல்லியிருந்தார். தீர்த்தகிரி அப்படிச் செய்வதில்லை. கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும் இந்தக் கோடையில் ஒரு கை தண்ணீரையும் மண்ணில் ஊற்ற அவருக்கு மனம் வராமல், கழுவினதைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றியிருக்கிறார். பாட்டிலிலிருந்து கிணற்றுக்குள் ஊற்றியதை மேலே நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். “பாத்தியா, மருந்து ஊத்தறான்!” என்று கத்தி, பிடித்து அடித்து, வலது முழங்கைக்குக் கீழே எலும்பை முறித்து, அதன் பிறகு அவரையே இந்த நிலையத்துக்கு இழுத்து வந்து புகார் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் 18-ம் தேதி அவரைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். தீர்த்தகிரி என்னைப் பார்த்ததும், “பாப்பா, அருள்நாதன் ஐயாகிட்ட ஒண்ணு சொல்லிப்புடு. அஞ்சு பாட்டுல்ல மூணு தப்பிச்சிருக்குது. சைக்கிள் பையில இருக்குது. லேபிளு நனையல. கல்கத்தாவுக்குத் தேதி போயிரப் போவுது, அளக்கச் சொல்லு” என்றார். நான் “சொல்றேங்க அண்ணா” என்றேன். கொண்டுபோன சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிச் சாப்பிட்டார். வேறெதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு 19-ம் தேதி அருள்நாதன் சார் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து சவுரியப்பன் சாரிடம் பேசினார். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். சைக்கிள் கடைக் காகிதம் தன் அட்டவணைதான் என்றும், அதில் இருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் தவறு என்றும், எந்த எண் எந்த ஊர் என்று தன்னைத் தவிரத் தண்ணீர் எடுத்தவனுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். “பதினஞ்சு வருசமா எங்கூட இருக்கறவன். அவனே யாருக்கோ எண்ண மாத்திச் சொல்லிப்புட்டான் போல. நான் என்னாங்க பண்ணுவேன்?” என்றார். சவுரியப்பன் சார், “அந்த ஆறு புள்ளி நாலு யாரு கெணறுன்னு ஸ்டேஷன்ல சொல்லிப்புடுங்களேன். பச்சியப்பன் கெணறு இல்லன்னு தெரிஞ்சா கேஸு வுழுந்துரும்ல?” என்றார். “அந்த ஊருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேனே. ரெண்டு வயசுப் புள்ளைங்கள வச்சிக்கினு இருக்கற ஊருங்க அது. முதல்ல கலெக்டராபீசுக்கு எழுதி வேற கெணறு வெட்டச் சொல்லலாம்னு இருந்தேன்” என்று சொல்லி, கட்டுரையை அனுப்பப்போவதில்லை என்றார். பென்சில் குறிப்புள்ள பிரதி இரண்டு வாரமாக என்னிடம்தான் இருக்கிறது என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. என் மீது அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து கட்டுரையின் கடைசியில் வரும் நூல் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தேன். அன்று அடித்த நான்கு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை என் தகப்பனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. அதுவரை குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். இன்று காலை என்னுடன் வந்தார்.

நான் மேலே சொன்னதைக் கேட்ட சப் இன்ஸ்பெக்டர் ஐயா, நான் விளையாட்டாகச் செய்தேன் என்பது மட்டும் போதாது என்றும், காகிதத்தில் இருக்கும் அளவு உண்மையில் எந்தக் கிணற்றுடையது என்பதை முடிவாக ஊர்ப் பெயரோடு உறுதி சொன்னால்தான் பச்சியப்பன் தண்ணீர் கெடவில்லை, யாரும் எதையும் கலக்கவில்லை என்று முடிவு கட்ட முடியும் என்றும் சொன்னார். என் தகப்பனார் அப்போது எழுந்து, “ஐயா, மேல சொன்ன எங்க தெருப் பேர எடுத்துட்டு, வேற ஒரு கெணறுன்னு மட்டும் எழுதிக்குங்க. ரெண்டு பொண்ணு வச்சிருக்கறேன். எங்க தெருவுல மட்டும் பதினோரு பொண்ணுங்க இருக்குதுங்க” என்றார். ஐயா என்னைப் பார்த்து, “நீ சொல்லு, புள்ள” என்றார்.

நான் ஓர் ஊர்ப் பெயரைப் பொய்யாக எழுதினேன். அதனால் ஓர் ஆளின் கை முறிந்தது, ஒரு பெண்ணின் சம்பந்தம் நின்றது. புளியந்தோப்புக் கொட்டாய்ச் சனங்கள் இப்போது தங்கள் நல்ல தண்ணீரை விட்டுவிட்டு, ஒரு மைல் நடந்து எங்கள் கிணற்றுக்குக் குடம் தூக்கி வருகிறார்கள். நேற்று மாலையும் வந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த ஓர் அம்மாளுக்கு நானே கயிற்றைக் கையில் கொடுத்தேன். ஆகையால் சொல்கிறேன். பன்னிரண்டாம் எண் கிணறு, 6.4 அளவு உள்ளது, சூசையப்பர்பட்டி மேட்டுத் தெருக் கிணறு. நாங்கள் குடிக்கும் கிணறு. பச்சியப்பன் கிணறு பத்தொன்பதாம் எண், அளவு 0.8, அது நல்ல தண்ணீர். தீர்த்தகிரி அதில் ஊற்றியது அதே கிணற்றுத் தண்ணீர். பெயரை வெளியிட்டது அருள்நாதன் சாரும் இல்லை, தீர்த்தகிரியும் இல்லை. பென்சில் குறிப்புள்ள கையெழுத்துப் பிரதியையும், கோடை அளவுக்குக் கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு நான் பிழையில்லாமல் அடித்து முடித்த அசலையும், இரண்டு கார்பனையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். கையெழுத்துப் பிரதியை வழக்குக்கு வைத்துக்கொண்டு மற்றதையும், தீர்த்தகிரியின் சைக்கிள் பையில் தப்பிய மூன்று பாட்டிலையும் அருள்நாதன் சாரிடம் கொடுத்தால் முப்பத்தொன்றுக்குள் கல்கத்தா போய்ச் சேரும். என் பெயரில் என்ன வழக்கு வந்தாலும் மறுப்பு இல்லை.

இவ்வளவும் என் வாயால் சொன்னது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. ஏட்டையா முழுவதும் படித்துக் காட்டினார். இரண்டாம் தாளில் எங்கள் தெருப் பெயர் விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) க. ராஜமேரி

மேற்படி ராஜமேரி சொன்னது உண்மை என்று அறிவேன்:
கஸ்பார், மேட்டுத் தெரு, இடது பெருவிரல் ரேகை