பச்சை டிக் வந்த ஏழு பேர்

டீ வேண்டாம், தண்ணீர் போதும். டீ குடித்தால் நான் படபடவென்று பேசுவேன். நீங்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அலுவலகத்தில் யாராவது கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. நடந்தது முழுக்கப் பயத்தில் நடந்தது. அது புரியாவிட்டால் மற்றதும் புரியாது.

என் வேலை இதுதான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சுகளுக்கு ஒரு செயலி எழுதினேன். நோயாளியின் வயது, ரத்த அழுத்தம், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வொன்றும் எந்த வேளைக்கு எவ்வளவு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று எல்லாவற்றையும் நர்ஸ் தன் போனில் பதிவார். செயலி அதை ஒரே பொட்டலமாகக் கட்டி மையத்தின் சர்வருக்கு அனுப்பும். மையத்து டாக்டர் திரையைப் பார்த்து இன்ன ஊசி, இன்ன மாத்திரை என்று எழுதுவார். அவர் நோயாளியை நேரில் பார்ப்பதே இல்லை.

பெயரையும் வயதையும் அனுப்புவது சுலபம். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால்தான் தலைவலி. டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா. மருந்துகளும் ஒவ்வாதவையும் ஒரே டப்பாவுக்குள் இருந்தன. சர்வர் எதிர்பார்ப்பதில் ஒன்று பிசகினாலும் மொத்தத்தையும் திருப்பிவிடும். எட்டு மருந்துக்கு மேல் போனால் அப்படித்தான் ஆனது. நர்சின் திரையில் சிவப்பாக ‘ஏற்கப்படவில்லை’ என்று வரும். அவர் மேனேஜருக்குப் போன் போடுவார். மேனேஜர் என் மேஜைக்கு வருவார்.

“இன்னொரு தடவை சிவப்பு வந்துச்சுன்னா உன் நாற்காலியில வேற ஆள் இருப்பாரு. காரணம் எல்லாம் எனக்கு வேண்டாம்” என்றார் ஒருநாள். மெதுவாகத்தான் சொன்னார்.

அன்றே ஒரு வழி எழுதினேன். சர்வர் பொட்டலத்தைத் திருப்பினால், எந்த டப்பா ஒத்துவரவில்லையோ அதை எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டதும் பச்சை டிக் காட்ட வேண்டும். இரண்டு நாளில் முறையாகச் சரிசெய்துவிடலாம் என்று இருந்தேன். சிவப்பு அதோடு நின்றது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தவரிடம் போய், ஐயா அது ஒப்பேற்றிய வேலை என்று யார் சொல்வார்கள்?

எடுத்துவிட்ட இடம் மையத்தில் காலியாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அங்கே பக்கத்தை எழுதியவர்கள், காலி இடத்தில் ‘இல்லை’ என்று வரும்படி வைத்திருந்தார்கள். மருந்துகள்: இல்லை. ஒவ்வாதவை: இல்லை. அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. ஆனால் எட்டு மருந்துக்கு மேல் சாப்பிடுகிறவர் யார்? இருப்பதிலேயே பெரிய சீக்காளி. மையத்தின் திரையில் அவர்தான் எல்லோரையும்விடத் திடகாத்திரமாக இருந்தார்.

முதலில் போனவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தார். அது திரையில் இல்லாததால், அதோடு சேரக்கூடாத மருந்தை முட்டிவலிக்குக் கொடுத்தார்கள். நான்காம் நாள் உள்ளே ரத்தம் கசிந்து இறந்தார். வயதாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. அவர் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பிழையைச் சரிசெய்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

சரிசெய்தது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும். தபால்காரர் போக, ஏற்கெனவே பட்டியல் அறுபட்டவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுடைய மருந்துகள் திடீரென்று மையத்தில் முளைத்தால், இத்தனை நாள் இவை எங்கே போயின என்று டாக்டர் கேட்பார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். அதனால் அந்த ஆறு எண்களும் பழைய வழியிலேயே போகட்டும் என்று தனியாக ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். எல்லோரும் நாள்பட்ட நோயாளிகள். ஆறும் முடியும்வரை பொறுத்தால் போதும், பிழை இருந்த சுவடே தெரியாது.

அந்த ஆறு பேரில் ஒருவர் என் அத்தான், அக்காவின் கணவர். நான்தான் அவரை மையத்தில் சேர்த்துவிட்டேன். லேத் பட்டறை வைத்திருந்தவர். அம்மா போன பிறகு என்னைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். இப்போது பதினொரு மருந்து. “எண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த வேளை வந்துடுது மாப்ளே” என்று சிரிப்பார். ஒரு ஊசி அவருக்கு ஆகவே ஆகாது. முன்பு ஒருமுறை அதைப் போட்டபோது தொண்டை வீங்கி, மூச்சு நின்று, மயிரிழையில் பிழைத்தார்.

அவர் எண்ணை மட்டும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆறில் என் சொந்தக்காரர் மட்டும் தப்பினால், விஷயம் தெரிந்தவன் யார் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா போன் செய்தால், மணி ஓயப் போகும்போதுதான் எடுப்பேன்.

“அந்த ஊசி ஆகாதுன்னு அங்க எழுதியிருக்கும்ல, தம்பி? தினம் ஒரு நர்ஸ் வர்றாங்க. மருந்துக்கும் கம்பெனிக்கு ஒரு பேரா இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல.”

“எல்லாம் அனுப்பியாச்சுக்கா. பச்சை டிக் வந்துச்சு, நானே பார்த்தேன்.”

“நீ பார்த்தா சரிடா” என்றாள்.

நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. டிக் வந்தது. டிக் வந்துவிட்டால் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அவர் எழுதியதை நர்ஸ் மறுபேச்சில்லாமல் போட வேண்டும், அதுதான் அங்கே நடைமுறை. ஏழு மாதத்தில் ஒவ்வொருவராக ஐந்து பேர் போனார்கள். ஒவ்வொரு முறையும் அழுதேன். கொஞ்சம் லேசாகவும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

நேற்று அத்தானுக்குக் காய்ச்சல். மையத்திலிருந்து போகும் உத்தரவுகள் என் திரையிலும் தெரியும். இன்று காலை ஒன்பது மணிக்குப் பார்த்தேன்: அதே ஊசி, வேறு கம்பெனிப் பெயரில். பதினொரு மணிக்கு நர்ஸ் போவார். அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே. அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் போலீஸ் ஜீப்பில் வந்து போனை வாங்கிக்கொண்டீர்கள்.

உண்மையில் அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி யோசிக்க வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். செத்துப்போன ஆறு பேரைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் ஆளைத் தெரியாமல் கொன்றேன். மற்ற ஐந்து பேரைத் தெரிந்தே சாகவிட்டேன். அத்தான் உயிரோடு இருப்பவர், அவரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. இப்போது மணி பதினொன்றே கால். யாரும் கேட்காமல் நானாகவே இதைச் சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.