ஷட்டருக்கு உள்ளே

ராத்திரியில்தான் பேய் வரும் என்று எவன் சொன்னான்? கிட்ட வந்து உட்காருங்கள். ஷாஹுல் இன்று வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். அவன் தாய்மாமா, பேட்டரி மெக்கானிக் ஷரஃபுதீனுக்கு நடந்தது இது.

தொண்ணூற்றாறு, மே மாதம், ஒரு வியாழக்கிழமை. மதியம் ஒன்றேகால் மணி. ஆழ்வார்பேட்டையில் ஒரு முட்டுச் சந்து... வெயிலில் நாய்கூட இல்லை. கடைசி பங்களா ஸ்ரீரங்கனுடையது. கார் ஷெட்டுக்கு ரிமோட்டில் ஏறி இறங்கும் ஷட்டர், மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. கரண்ட் போனால் அதைத் தூக்க உள்ளே ஒரு பேட்டரி.

சில மாதம் முன்பு அந்தப் பேட்டரி செத்துக் கிடந்த நேரத்தில்தான் டிரைவர் வேலு செத்துப்போனான். மூடின ஷெட்டில் கார் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறான், பாவி. கரண்ட் போய்விட்டது. விழித்தால் ஒரே புகை. ஷட்டரைத் தட்டியிருக்கிறான். வீட்டு வேலை செய்யும் இசக்கியம்மாள் ஓடிப்போய்ச் சொன்னாள். ஸ்ரீரங்கன் கடிகாரத்தைப் பார்த்தாராம்.

"வியாழக்கிழமை, ராகுகாலம். மூணு மணிக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கலாம்."

மூன்று மணிக்குத் தட்ட ஆளில்லை.

அதன்பின் வியாழன்தோறும் ஒன்றரைக்கு, பூட்டிய ஷெட்டுக்குள் உள்ளங்கைச் சத்தம். தப்... தப்... மூன்றுக்கு நிற்கும். அந்த மனுஷன் அதற்குப் பழகிக்கொண்டார். எனக்குப் பேயைவிட அதுதான் பயம்.

இதையெல்லாம் ஷரஃபுதீனிடம் யார் சொன்னார்கள்? "ராகுகாலத்துக்கு முன்னாடி புது பேட்டரிய மாட்டிடு பாய்" என்று மட்டும்தான் ஸ்ரீரங்கன் சொன்னார்.

"பத்து நிமிஷ வேலை சார், இன்னா பெரிய விஷயம்" என்று ஷரஃபுதீன் உள்ளே போனார். ராகுகாலத்துக்கு இரண்டு நிமிஷம் முந்தியே மாட்டியும் விட்டார். அப்போது ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கார் உறுமியது... பிறகு, டங். டங். ஸ்பேனரால்.

"ஐயா, பாய் ஸ்கூட்டர் வாசல்லயே நிக்குது. உள்ள ஆள் இருக்காரு" என்றாள் இசக்கியம்மாள்.

ஊஞ்சலில் படுத்திருந்த ஸ்ரீரங்கன் கண்ணைத் திறக்கவில்லை. "டீ குடிக்கப் போயிருப்பான். இது நம்ம வேலு. மூணு மணிக்கு நின்னுடும்."

"இன்னைக்கு இரும்புச் சத்தம்யா..."

ரிமோட் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஒரு பட்டன்தான். அவள் காலில் விழுந்து கேட்டாள். ராகுகாலத்தில் புதுப் பேட்டரியை முதல்முறையாக ஓட்டக்கூடாது என்றார். அவள் ஷட்டரைக் கையால் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அடியிலிருந்து பெட்ரோல் புகை நாறியது. டங்... வெகுநேரம் கழித்து இன்னொரு டங்.

மூன்றடித்ததும் பட்டனை அழுத்தினார். ஷரஃபுதீன் ஸ்பேனரைப் பிடித்தபடியே விழுந்து கிடந்தார். கார் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. கார் சாவி என்னவோ காலையிலிருந்து பூஜை அறை ஆணியில்தான் தொங்கியது. தெருவில் அப்போது கரண்ட் இல்லை. அவர் மாட்டிய பேட்டரிதான் ஷட்டரைத் தூக்கியது.

அடுத்த வியாழன், ஒன்றரை மணி. தப்... டங்... தப்... டங்...

ஸ்ரீரங்கன் டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டாராம்.