நல்ல நேரத்தில் புறப்பட்ட பை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் கடைத்தெரு வியாபாரி ஒருவரும் அவர் மனைவியும். வியாபாரி கையில் ஒரு தோல்பை.

“ஏங்க, நம்ம புள்ள ஏறுற ஏரோப்ளேன் டெல்லிக்கு எவ்ளோ நேரத்துல போவும்?”

“மூணு மணி நேரம்னு சொல்றாங்க.”

“ஆயிரம் மைலுக்கு மேல இருக்குது, மூணு மணியா! நாம மெட்ராஸ் போவவே நாலு மணி நேரம் ஆவுமே!”

“பிளேன் மத்தியானம்தான். பயப்படாத.”

“நல்ல நேரம் பார்த்து, பைய முந்தாநாளே எதிர்வீட்ல வெக்கச் சொன்னது நீங்கதான?”

“போறப்ப எடுத்துக்கன்னு சொன்னேன். உம் புள்ள மறந்துட்டு மெட்ராஸ் போயிட்டான்.”

“டிக்கெட்டும் இதுக்குள்ளதான் இருக்குது.”

பஸ் வந்தது. படியில் கால் வைத்த வியாபாரி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“ராவுகாலம் முடியட்டும். அடுத்த பஸ்ல போலாம்.”

அந்த அம்மாள் பையைப் பிடுங்கிக்கொண்டு தனியாக ஏறிவிட்டார்.