மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம்

தர்மம்: “இந்த டேப்பைத் தாண்டினீங்கன்னா ரெண்டு பேருக்குமே வேலை போயிடும்.” ஆறு வருஷத்துக்கு முன்னாடி, நான் இங்க சேர்ந்த அன்னைக்கு, நீங்க என்கிட்ட பேசின முதல் பேச்சே இதுதான் சர்க்கார்.

சர்க்கார்: இல்லையே... முதல்ல வணக்கம் சொன்னேனே.

தர்மம்: சொன்னீங்க, சொன்னீங்க. கையைக் கட்டிக்கிட்டு, டேப்புக்கு அந்தப் பக்கம் நின்னு. “ஆராய்ச்சிக்கூடத்து நடுவுல எதுக்குங்க மஞ்சள் டேப்?”னு கேட்டேன்.

சர்க்கார்: விளக்கமாத்தானே சொன்னேன்? “உங்க பக்கம் வளர்ற ஸ்டெம் செல் எல்லாம் கருவுல இருந்து எடுத்தது. அரசாங்கப் பணம் அதைத் தொடக்கூடாதுன்னு சட்டம். எனக்குச் சம்பளம் அரசாங்கம். உங்களுக்குச் சம்பளம் தர்ம அறக்கட்டளை. அதனால என் மூச்சுக்காத்துகூட உங்க பக்கம் வரக்கூடாது.”

தர்மம்: அப்பவே உங்களுக்கு சர்க்கார்னு பேர் வச்சுட்டேன்.

சர்க்கார்: பதிலுக்கு நான் தர்மம்னு வச்சேன். சரிக்குச் சரி.

தர்மம்: பச்சை ஸ்டிக்கர் ஒட்டினா உங்க சாமான், சிவப்பு ஒட்டினா என் சாமான். ரெண்டு ஃபிரிட்ஜ், ரெண்டு மைக்ரோஸ்கோப், ரெண்டு துடைப்பம்...

சர்க்கார்: துடைப்பத்தை விட்டுடுங்க. அது மேலிடத்து உத்தரவு.

தர்மம்: அந்தச் சுவர்க்கடிகாரம்? அதுல பச்சை ஸ்டிக்கர். நான் அதுல மணி பார்க்கலாமா, கூடாதான்னு மேலிடத்துக்குக் கடிதம் எழுதின மகராசன் யாரு?

சர்க்கார்: சந்தேகம்னு வந்தா கேட்டுத் தெளிஞ்சுக்கணும்ல...

தர்மம்: பதில் வர மூணு வாரம் ஆச்சு! அதுவரைக்கும் நான் “மணி என்ன?”ம்பேன். நீங்க ஜன்னலைப் பார்த்து, “வெயில் சாய்ஞ்சிடுச்சு”ம்பீங்க.

சர்க்கார்: சிரிச்சது போதும். கருவுல எடுத்த செல்லுக்கும் அரசாங்கப் பணம் கொடுக்கலாம்கிற மசோதா இன்னைக்குச் சட்டசபையில வருது, இந்த டேப்புக்குத்தானே முடிவு? உங்க அண்ணன் லைன்ல இருக்காரா பாருங்க.

தர்மம்: ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். அண்ணா... கேக்குதா?

போனில் அண்ணன்: கேக்குது பாப்பா. சபைக்குள்ள போனை விடல. வெளி வராந்தாவுல, ஒலிபெருக்கிக்குக் கீழ உட்கார்ந்திருக்கேன். இன்னும் மசோதா மேல பேசிக்கிட்டேதான் இருக்காங்க.

தர்மம்: நீ பேசினியா? பொதுமக்களுக்கும் நேரம் உண்டுன்னாங்களே?

அண்ணன்: மூணு நிமிஷம் கொடுத்தாங்க. “இருபத்திரெண்டு வயசுல எனக்குப் பார்வை போச்சு. என் தங்கச்சி தட்டுல வளர்க்கிற செல்லு நாளைக்கே எனக்குக் கண்ணு கொடுத்துடும்னு சொல்ல வரல. அவளை வேலை பார்க்க விடுங்கன்னு கேட்க வந்திருக்கேன்”னேன். இறங்கும்போது மைக்குக்கு ஒரு கும்பிடு போட்டேன், அமைச்சர்னு நினைச்சு. சபையே சிரிச்சுது.

சர்க்கார்: எதிர்த்து யார் பேசினாங்க?

அண்ணன்: ஒருத்தர் நல்லாவே பேசினார் சார். “அஞ்சு நாள் கருவும் ஒரு மனுஷத் தொடக்கம்தான். அதை அழிக்கிறது பாவம்னு நினைக்கிறவன் கட்டின வரியையும் சேர்த்தா இதுக்குக் கொடுப்பீங்க?”ன்னார். எனக்கே ஒரு நிமிஷம் சுருக்குன்னுச்சு. அடுத்து ஒரு அம்மா எழுந்து, “குழந்தைக்காக சிகிச்சை எடுத்தவங்க, மிச்சமான கருவைத் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாங்க. நாம வாங்கலைன்னா அது வீணாத்தான் போகும்”னாங்க. அப்புறம் ஒரே கூச்சல். இருங்க, மணி அடிக்குது... ஓட்டெடுப்பு ஆரம்பிச்சதும் கூப்பிடுறேன்.

தர்மம்: ...வச்சுட்டான்.

சர்க்கார்: தோத்தா என்ன பண்ணுவீங்க?

தர்மம்: தோத்தா, இந்த மாசக் கடைசியோட அறக்கட்டளையும் பணமில்லைன்னு கையை விரிச்சிடும். என் பக்கத்துக்குப் பூட்டுதான். வெளிநாட்டு வேலைக்கு வந்த கடிதத்துக்கு ‘வர்றேன்’னு எழுதிட வேண்டியதுதான்.

சர்க்கார்: எழுதிடுவீங்களா?

தர்மம்: பின்ன? இங்க யாரு என்னை இருன்னு சொன்னாங்க?

சர்க்கார்: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மத்தியானம் உங்க இன்குபேட்டர் நின்னு போச்சே...

தர்மம்: அதை எதுக்கு இப்ப? பதினாலு மாச வேலை. எல்லா செல்லும் என் கண்ணெதிரே செத்துது.

சர்க்கார்: என்னோடது சும்மாதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. உங்க இடத்துல இருந்து அஞ்சே எட்டு வச்சா போதும். கொடுக்க முடியல.

தர்மம்: நான் தரையில உட்கார்ந்து அழுதேன். நீங்க உங்க பக்கத் தரையில உட்கார்ந்தீங்க, டேப்பை ஒட்டி. சாயங்காலம் வரைக்கும். ஒரு வார்த்தை பேசல மனுஷன்.

சர்க்கார்: பேச ஒண்ணு இருந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி வேற ஒண்ணைச் சொல்லியாகணும். நம்ம கேட்டுக்கு வெளியில ‘கருவும் உயிர்’னு அட்டை பிடிச்சு நிக்கிறாங்களே... முன் வரிசையில, தடிக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தங்க...

தர்மம்: ம்...

சர்க்கார்: அவங்க எங்க அம்மா.

தர்மம்: ...ஓஹோ.

சர்க்கார்: எனக்கு முன்னாடி அவங்களுக்கு ரெண்டு பிள்ளை வயித்துலயே கலைஞ்சு போச்சு. ரெண்டுக்கும் பேர்கூட வச்சிருக்காங்க. அவங்ககிட்ட போய் நான் என்னன்னு வாதாட?

தர்மம்: வாதாட வேண்டாங்க. அவங்க துக்கமும் நிஜம். எங்க அண்ணனோட இருட்டும் நிஜம்... அய்யோ, போன்! அண்ணா, சொல்லு!

அண்ணன்: பேர் பேராக் கூப்பிடுறாங்க. மொத்தம் நூத்தியொரு பேரு. நமக்கு அம்பத்தொண்ணு வேணும். குறுக்கே பேசாதீங்க, விரல்ல எண்ணிக்கிட்டிருக்கேன். நமக்கு நாப்பத்தேழு... எதிர்ப்பு நாப்பத்தெட்டு...

தர்மம்: குறைச்சலா?

அண்ணன்: சும்மா இரு! ‘ஆம்’... ‘ஆம்’... நாப்பத்தொம்பது! ஒரு ‘இல்லை’. ம்... ‘ஆம்’. அம்பது!

சர்க்கார்: இன்னும் ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு...

அண்ணன்: ‘இல்லை.’ ரெண்டு பக்கமும் அம்பது. மிச்சம் ஒரே ஆள். கூப்பிட்டுட்டாங்க. இருமுறாரு...

தர்மம்: இருமுறாரா!

அண்ணன்: இன்னும் இருமுறாரு.

சர்க்கார்: யாராவது அவருக்குத் தண்ணி கொடுங்கய்யா!

அண்ணன்: ...‘ஆம்’! பாப்பா, ‘ஆம்’னுட்டாரு! ஜெயிச்சுட்டோம்! கேக்குதா கைதட்டு? நான் அழல, பக்கத்துல இருக்கிறவர் அழறாரு. அது அவர் சத்தம்.

தர்மம்: அண்ணா... அண்ணா! சர்க்கார், பிய்க்கட்டுமா இந்த டேப்பை? இப்பவே?

சர்க்கார்: இருங்க, இருங்க. புதுச் சட்டம் அடுத்த மாசம் முதல் தேதியில இருந்துதான்...

தர்மம்: கடவுளே! இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரா?

சர்க்கார்: மணி என்ன?

தர்மம்: அஞ்சு மணி ஆறு நிமிஷம். ஏன், அதுக்கும் கடிதம் எழுதணுமா?

சர்க்கார்: அஞ்சு மணிக்கு மேல நான் சம்பளத்துல இல்ல. இந்த வெள்ளை அங்கி அரசாங்கத்துது, கழட்டி வச்சாச்சு. செருப்பு என் சொந்தச் செருப்பு. இதோ... வந்துட்டேன்.

தர்மம்: ...நிஜமாவே வந்துட்டீங்க.

சர்க்கார்: உங்க பக்கம் இவ்வளவு சூடா இருக்கும்னு தெரியாது.

தர்மம்: ஏங்க... அப்படின்னா ஆறு வருஷமா தினம் அஞ்சு மணிக்கு மேல வந்திருக்கலாமே?

சர்க்கார்: வந்திருக்கலாம். சட்டம் தடுத்தது அஞ்சு மணி வரைக்கும். அதுக்கு மேல தடுத்தது நான்தான்.

தர்மம்: எதுக்காம்?

சர்க்கார்: வந்தா கேட்டுடுவேன்னு பயம். பதவி உயர்வோட மூணு தடவை மாத்தல் வந்துச்சு. மூணையும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டாங்க. “இந்த ஜன்னல் வெளிச்சம் எனக்குப் பழகிடுச்சு”ன்னு எழுதினேன்.

தர்மம்: அடப்பாவி மனுஷா... இதை ஏன் என்கிட்ட சொல்லல?

அண்ணன்: நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்.

தர்மம்: போனை வை அண்ணா!

அண்ணன்: வைக்க மாட்டேன். காது ஒண்ணுதான் எனக்கு நல்லா இருக்கு, அதையும் மூடச் சொல்றியா? சார், கேளுங்க சார். இன்னைக்கு எதைக் கேட்டாலும் ஜெயிக்கிற நாள்.

சர்க்கார்: கேட்கிறேன். எங்க அம்மா நாளைக்கும் அந்த அட்டையோட நிப்பாங்க. வீட்டுக்குள்ள வந்தாலும் அவங்க எண்ணம் மாறாது. அதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் கேட்கிறேன்... வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். இங்கேயே இருங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?

தர்மம்: இதை உங்க அம்மா போன மாசமே கேட்டுட்டாங்க. எட்டு மாசமா தினம் காலையில கேட் கிட்ட நின்னு நாங்க பத்து நிமிஷம் சண்டை போடுறோம். “நீ செய்யறது தப்புதான், அதுல நான் மாற மாட்டேன். ஆனா வீட்ல சாப்பிட உட்கார்ந்தா என் பையன் உன் பேச்சைத் தவிர வேற பேச மாட்டேங்கிறான். பேசாம நீ எங்க வீட்டுக்கே மருமகளா வந்துடு, சண்டையை உட்கார்ந்தே போடலாம்”னாங்க. “வர்றேம்மா, ஆனா அவர் கேட்கிற வரைக்கும் நாம ரெண்டு பேரும் மூச்சு விடக்கூடாது”ன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.